நாலும் இருபதும்

காலை ஆறு பத்துக்கு மதகு தானாக மூடிக்கொண்டது.
குரோனிங்கனுக்கு வடக்கே, மழையில்லாத ஒரு செவ்வாய்க்கிழமை.
கால்வாயில் தண்ணீர் கோட்டுக்கு மேல் இருபத்துநாலு சென்டிமீட்டர்,
வாத்துகூடச் சட்டைசெய்யாத உயரம்.
திரையிலோ ஆறாயிரத்து நூற்று நாற்பத்துநாலு.

அறுபத்தொரு மீட்டர்!
கோபுரத்து உச்சிச் சேவல் மூழ்கியிருக்க வேண்டும்,
அதற்கு மேலே மீன் மேய்ந்திருக்க வேண்டும்.
இயந்திரம் நம்பிவிட்டது.

வெங்காயம் ஏற்றிய படகோடு வுப்போ
கதவுக்கு அந்தப் பக்கம் ஹாரன் அடித்தபடி இருந்தார்.

ஹார்ம்கெ பழைய நிரலைத் திறந்தாள்.
பதினைந்து வருடம் பிழைக்காத வரி:
பதிவேட்டின் முகவரியைச் சுட்டு, எடு, கொடு.
உணரிக்கும் பழைய பலகைக்கும் ஒரே கைப்பழக்கம்,
பெரிய பைட் முன்னால்.
போன வாரம் மாட்டிய புதுப் பலகையில்
முதல் பந்தி சின்னதற்கு.

சோதித்தாயா என்றார் மேலாளர்.
சோதித்திருந்தாள்.
சுழியம் அனுப்பினாள், சுழியம் வந்தது.
எல்லா பிட்டும் ஒன்றாக அனுப்பினாள், அப்படியே வந்தது.
வெறுமைக்கும் நிறைவுக்கும் இடம் வலம் கிடையாது.
இருநூற்று ஐம்பத்தேழும் அனுப்பினாள், அழகான எண் என்று.
சுழியம் ஒன்று, சுழியம் ஒன்று:
விகடகவி.
மாலைமாற்றைக் கொடுத்து
வாசிக்கத் தெரியுமா என்று கேட்டால்
எல்லாரும் தேர்ச்சி.

டெப்ரெட்செனிலிருந்து உணரி செய்தவர் போனில் வந்தார்.
குடும்பப் பெயரை முன்னால் வைக்கும் ஊர்,
கெரெக்யார்தோ ஜோம்போர் பேசுகிறேன் என்றார்.
"பைட் பைட்டாகத் தொடாதீர்கள்.
ஒரு பாதியை எடுப்பதற்குள்
மறுபாதி அடுத்த அலைக்கு மாறிவிடும்.
முழுசாக, ஒரே தடவை.
புரட்டுவதெல்லாம் கைக்கு வந்த பிறகு."

புரட்டினாள்.
மறுபடி அறுபத்தொரு மீட்டர்.
அதே நேரத்தில் மாடியில் ச்யார்ட்டும் புரட்டியிருந்தான்,
நல்ல மனசோடு, யாரிடமும் சொல்லாமல்.

ஒன்றை அழித்தார்கள். யாருடையதை என்பதில்
அரைமணி நேரம் போனது.

அவள் பெயரை எழுதும்போது பார்க்கிறேன்:
கடைசி எழுத்தில் கொம்பு ககரத்துக்கு முன்னால் நிற்கிறது,
ஒலி மட்டும் பின்னால் வருகிறது.
இத்தனை வருடமாக
என் கண்ணில் யார் புரட்டித் தருகிறார்கள்?

மதகு திறந்தது.
ரேடியோவில் வுப்போ அளவுகோலைப் படித்தார்:
நாலும் இருபதும்.
அவர்கள் மொழியில் ஒன்றாம் இடம்தான் முதலில்.
ஹார்ம்கெ பதிவுப் புத்தகத்தில்
கொஞ்சம் இடம் விட்டு 4 போட்டாள்,
பேனாவை இடப்பக்கம் கொண்டுவந்து 2 போட்டாள்.
பள்ளிக்கூடத்திலிருந்தே அப்படித்தான்.

பேனா அங்கேயே நின்றது.
வெளியே படகு நகர்ந்தது,
வெங்காய வாடை கொஞ்ச நேரம் இருந்தது.