மிகுதி

கட்டணம் எண்பத்திரண்டு.
நிலாவெளியிலிருந்து பட்டினத்துக்கு
எந்தத் தாளோடும் எந்தக் குற்றியோடும் ஒத்துவராத ஒரு தொகை.
சாரதியின் தலைக்கு மேல் மூன்று பாஷையிலும் எழுதியிருக்கிறது
சரியான சில்லறை தரவும் என்று.
தமிழில் ஒரு 'ல்' உதிர்ந்து
'சரியான சிலறை தரவும்' என்று நிற்கிறது.
தரலாம்தான்.
யாருக்கு என்பதுதான் தெரியவில்லை.

மத்திய வீதி இரும்புக்கடையில் நான் கணக்கெழுதுகிறவள்.
ஆணி நிறுத்து விற்ற காசுக்கும்
சதம் பிசகாமல் ஐந்தொகை போடுவேன்.
அன்று சம்பளத்தின் மறுநாள்,
கையில் முழு ஐந்நூறு.
நிஸ்தார் தாளை வெயிலில் பிடித்துப் பார்த்தான்,
பிறகு என்னைப் பார்த்தான்,
அதை நானே அச்சடித்த மாதிரி.
'விடியக்காலத்தில எல்லாரும் இதையே நீட்டினா
நான் என்ன மத்திய வங்கியா, மிஸ்?'
காதிடுக்குப் பேனையை எடுத்தான்,
ரிக்கற்றின் முதுகில் 418 என்று கிறுக்கினான்.
'இறங்கக்குள்ள தாறன்.'

அதன் பிறகு சாம்பல்தீவுப் பாலம் எனக்குத் தெரியவில்லை.
பாலத்தடியில் தண்ணீர் கிடந்ததா, அதுவும் தெரியாது.
ஆள் எங்கே நிற்கிறான்,
முன்வாசலா பின்வாசலா,
தோல்பை கனக்கிறதா,
இதுதான் காட்சி.
அலஸ்தோட்டத்தில் மீன்பெட்டியோடு இறங்கியவருக்கு
இன்னும் பதினெட்டு வரவேண்டும்.
உப்புவெளியில் இறங்கிய பெடியனுக்கு மூன்று.
அவன் கேட்கவில்லை,
கடைப் பலகைகளை வாசித்தபடி நடந்துபோனான்.
மூன்று ரூபாவுக்கு வாய் திறந்தால் கஞ்சப்பிசினாறி,
திறக்காவிட்டால் ஏமாளி.
இரண்டுக்கும் நடுவில் தரிப்பிடம் இல்லை.

பஸ் நிலையத்தில் அவன்
நேரக் கணிப்பாளரிடம் கையெழுத்துக்கு ஓடிவிட்டான்.
நான் ரிக்கற்றை இரண்டு விரலில் பிடித்தபடி நின்றேன்.
முழங்கைப் பக்கம் சூடாக ஒரு மூச்சு.
மான்.
இந்த ஊர் மான்களுக்கு மனிதர் பயமில்லை, ஹோர்ன் பயமில்லை,
வாழைப்பழத் தோல், தேர்தல் சுவரொட்டி,
எல்லாம் மேய்ச்சல்.
நானூற்றுப் பதினெட்டு ரூபாவை
ஒரே இழுவை.
கண்ணைப் பாதி மூடிச் சப்பியது.

நிஸ்தார் வயிறு குலுங்கச் சிரித்தான்.
'மானைக் கூட்டிக்கொண்டு வாங்க மிஸ், தாறன்.'
நான் சிரிக்கவில்லை. நகரவுமில்லை.
கொஞ்ச நேரம் பார்த்தான்,
சட்டைப்பையிலிருந்து ஒரு சிகரெட் பெட்டி மட்டையை எடுத்தான்.
உட்பக்கம் எறும்பு எழுத்தில்:
நீலக் குடை 18
பல்லு மிதந்த மாமா 36
ஆஸ்பத்திரி நர்ஸ் 3, 3, 3
கண்ணாடி மிஸ் 418.
பேர் ஒன்றும் இல்லை.
'டிப்போவில குறைஞ்சா என்ட சம்பளத்தில வெட்டுவாங்க.
கூடினா ஒருத்தரும் கேக்கமாட்டாங்க.
அதான் எழுதிவைக்கிற.'

இப்படி ஒரு பேரேடு
என் முதலாளியிடம்கூட இல்லை.

நானூறை எண்ணித் தந்தான்.
பதினெட்டு?
பையைக் குலுக்கிக் காட்டினான். சத்தம் வரவில்லை.
'சில்லறை இல்ல, மிஸ்.'

அடுத்த கிழமை முழுக்கக் குற்றி சேர்த்தேன்,
தேங்காய்க் கடையில் கெஞ்சி,
உண்டியல் எண்ணும் குகதாசனிடம் மாற்றி.
சரியாக எண்பத்திரண்டு,
உள்ளங்கை வியர்வையில் இரும்பு மணம்.
ஏறினால் வேறு ஆள்.
நிஸ்தாரைப் புல்மோட்டைப் பஸ்ஸுக்கு மாற்றிவிட்டார்களாம்.
புதியவன் எண்ணக்கூட இல்லை.
'நேற்றிலிருந்து எண்பத்தாறு.'

ஆறாம் கட்டையில் இரண்டு பஸ்களும்
மூச்சைப் பிடித்துக்கொண்டு கடந்தன.
எதிர்ப் பஸ்ஸின் மிதிபலகையில் அவன்.
ஒரு கை கம்பியில்.
மற்றக் கையை என் யன்னலுக்கு நேரே விரித்தான்:
ஐந்து.
ஐந்து.
ஐந்து.
அடுத்ததற்குள் தூசு மூடிவிட்டது.

இரவு கொப்பியைத் திறந்து வைத்திருக்கிறேன்.
பதினைந்து என்று எழுதுவதா,
பதினெட்டு என்று எழுதுவதா?