செல்லாத ஐந்து

சூன்ட்ஸ்வாலில் டிசம்பர் மாதம்
இரண்டரை மணிக்கே பொழுது சாய்ந்துவிடும்.
பள்ளிக்கூட வாசலில் உப்புத் தூவி முடித்துக்
கடைக்கு நான் வரும்போது நல்ல இருட்டு.

அவள் அங்கேதான் இருப்பாள்,
தானியங்கிக் கதவுக்கு இடப்பக்கம்.
அட்டைப்பெட்டியை விரித்து அதன்மேல் போர்வை,
போர்வைமேல் அவள்,
அவள்மேல் இன்னொரு போர்வை.
யார் உள்ளே போனாலும் கடையின் சூடு
ஒரு மூச்சு அவள்மேல் விழும்.
சும்மா வாசல்வரை போய்த் திரும்பினாலே
அதுவும் ஒரு தருமம்தான் என்று
ஒருநாள் கணக்குப் போட்டேன்.
அவ்வளவு மலிவாக என்னை விட்டுவிடப் பார்த்தேன்.

"ஹேய் ஹேய்" என்பாள்.
"ஹேய்" என்பேன் நான்.
அதிலும் ஒன்று குறைத்துத்தான்.

காசில்லை என்று உள்ளங்கையை விரித்துக் காட்டுவேன்.
பொய்யில்லை.
இந்த ஊரில் காசைத் தொட்டு எத்தனை வருடம்!
ரொட்டிக்கு அட்டை, பேருந்துக்குப் போன்,
தேவாலயக் காணிக்கைக்கும்
ஓர் எண்ணை ஒட்டி வைத்திருக்கிறார்கள்.
உண்மை இவ்வளவு வசதியாக
என் வாழ்நாளில் எனக்கு வாய்த்ததில்லை.

ஸ்டூரே சொல்வான்:
சாயங்காலம் ஒரு வேன் வரும்,
வசூலையெல்லாம் வாங்கிக்கொண்டு போகும்.
நீ பார்த்தாயா?
என் மைத்துனன் பார்த்தான்.
மைத்துனனைக் கேட்டால்
அவனுக்கு யாரோ சொன்னார்களாம்.
ஊர் முழுக்க ஓடுகிறது அந்த வேன்,
சக்கரமே இல்லாமல்.

நான்தான் வரி கட்டுகிறேனே என்று தொடங்குவேன்.
இவள் ருமேனியாக்காரி என்ற இடத்தில்
அந்த வாக்கியம் பனியில் வழுக்கி விழும்.

புதுக் கோட்டின் ஜிப் அறுந்துபோக
பழையதைப் பரணிலிருந்து எடுத்தேன்.
கிழிந்த பைக்குள், உள்துணியின் அடியில்
ஓர் ஐந்து குரோனர்.
கனமாக, வட்டமாக, மெய்யான காசு.
அன்று கடைக்கு நான் நடந்த நடையைப் பார்க்கணும்!
கோப்பையில் அது விழுந்த சத்தத்தைக்
கதவு மூடும்வரை கேட்டுக்கொண்டே போனேன்.
காப்பிப்பொடிக்குப் போனவன்
ஏலக்காய் பன்னும் ஒன்று வாங்கினேன்,
எனக்கு நானே கொடுத்த பரிசு.
அது முப்பத்திரண்டு குரோனர்.

மறுநாள் என்னைக் கண்டதும் எழுந்து நின்றாள்.
இவ்வளவு குள்ளமா இவள்!
கையுறையைக் கழற்றி, உள்ளே வைத்திருந்த ஐந்தை
என் கையில் வைத்தாள்.
வெதுவெதுப்பாக இருந்தது.
"இது பழசு. கடையில் வாங்க மாட்டார்கள்."
சொற்களை ஒவ்வொன்றாக எண்ணி வைத்தாள்,
மீதிச் சில்லறை கொடுப்பதுபோல.

தெரியாது என்றேன். நிஜமாகவே தெரியாது.
என் நாட்டுக் காசில்
எது செல்லும், எது செல்லாது என்று
இந்த வாசலிலேயே அவள் ஒருத்திக்குத்தான் தெரிந்திருக்கிறது.

நிறையப் பேர் போடுகிறார்களாம்.
டப்பா நிறையச் சேர்ந்திருக்கிறதாம்.
வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.
பிறகு என்னுடையதை மட்டும் ஏன்?
"நீங்கள் அவ்வளவு சந்தோஷமாகப் போட்டீர்கள்.
உங்களுக்கு வேண்டியதோ என்று நினைத்தேன்."
பெயர் வியோரிகா என்றாள், நான் கேட்காமலே.
டோர்க்கெல் என்றேன்.
குளிரில் என் பெயர் கொஞ்ச நேரம் புகையாக நின்றது.

உள்ளே போய், காலி டப்பா வாங்கும் இயந்திரத்தில்
பதினொன்றைத் தள்ளினேன்.
இரண்டு பொத்தான்கள்.
பச்சை எனக்கு.
மஞ்சள், எங்கோ இருக்கும் ஏழைகளுக்கு.
வழக்கமாக மஞ்சள்தான் அழுத்துவேன்.
எங்கோ இருக்கும் ஏழைகள்
எழுந்து நின்று காசைத் திருப்பித் தர மாட்டார்கள்.

பச்சையை அழுத்தினேன்.
இருபத்திரண்டு குரோனருக்குச் சீட்டு வந்தது.
ஒரு கையில் அது,
மறு கையில் செல்லாத ஐந்து.
வாசலருகே வந்து நின்றேன்.
கதவு என்னைக் கண்டு திறந்தது.
நான் போகவில்லை.
மூடியது.
மறுபடி திறந்தது.
குளிர் உள்ளே வந்தது, சூடு வெளியே போனது,
அவள் பக்கமாக.

தள்ளுவண்டியோடு பின்னால் நின்றவள் கேட்டாள்:
"போகிறீர்களா, இல்லையா?"