கையொப்பம்

கொய்டு ஊர்ப் பள்ளிக்கூடத்தில்
கரும்பலகையைக்கூட அழிக்காமல் மேசை போட்டிருந்தார்கள்.
ஏழாம் வாய்ப்பாடு பாதியில் நின்றது.
அதன் கீழே எழுத்தன் கோம்பா ஃபெங்காய்,
நீளப் படிவம்,
கடைசிக் கட்டத்தின் தலையில் ஒற்றைச் சொல்:
டிஸ்ஆர்ம்டு.

ஆர்ம் என்றால் துப்பாக்கி.
ஆர்ம் என்றால் தோளிலிருந்து தொங்குவதும்.
வேறுவேறு வாசல் வழியாக வந்த சொற்கள்
என்கிறது அகராதி.
அந்த ஊரில் இரண்டையும் ஒன்றாக்கியவர்கள்
அகராதி பார்க்கவில்லை,
வெட்டுக்கத்தி வைத்திருந்தார்கள்.

பதினொரு மணிக்கு ஃபின்டா வந்தாள்.
முழங்கைக்குக் கீழே இருபுறமும் காற்று.
மரவள்ளிக்குத் தோண்டும்போது
தங்கை மகன் எடுத்த துப்பாக்கி
கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கியது.
வரிசையில் நின்ற பையன்கள் வழிவிட்டார்கள்.
ஒருவனும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"கழற்றி மாட்டிக் காட்ட வேண்டும்" என்றான் கோம்பா.
சண்டை போட்டவர்தானா என்று அறிய அது விதி.
சொல்லி முடித்த பிறகுதான்
சொன்னது அவன் காதிலேயே விழுந்தது.

"நான் சண்டைக்காரி இல்லை.
கனக்கிறது. எடுத்துக்கொள்."

குனிந்தாள்.
மாலையைக் கழற்றுவதுபோல்
தலைவழியே உருவி எடுத்தான்.
கழுத்தில் சிவந்து ஒரு தடம்.

நிராயுதபாணி என்று நாம் ஒரு சொல் வைத்திருக்கிறோம்.
பாணி என்றால் கை.
கை இருப்பவர்களுக்கென்று செய்த சொல்.
ஆயுதம் களைந்தாள் என்று எழுதிப் பார்க்கிறேன்.
வயலில் பிடுங்குவதும் களை,
முகத்தில் தங்குவதும் களை.
எது இது?

படிவம் விடவில்லை:
கையொப்பம் அல்லது பெருவிரல் ரேகை.
கோம்பா பேனாவை மூடினான், திறந்தான், மூடினான்.
ஃபின்டா செருப்பை உதறினாள்.
மைப்பெட்டியைத் தரையில் வைக்கச் சொன்னாள்,
காகிதத்தையும்.
கால் கட்டைவிரலை மையில் ஒற்றியதும்
"கூசுகிறது" என்று சிரித்துவிட்டாள்.
சத்தமாக,
பன்றி உறுமுவதுபோல் மூக்கால் இழுத்து.

வரிசையில் ஒரு பையன் முதலில்.
பிறகு அவனுக்குப் பின்னால் நின்றவன்.
வயிற்றைப் பிடித்துக்கொள்ள இரண்டு கையும் தேவைப்பட
தோளில் இருந்ததைச் சுவரோரம் சாத்தினான்.
பிறகு அதை மறந்து
அவள் காலுக்குத் தண்ணீர் எடுக்கப் போனான்.

அகராதியில் மூன்றாவதாகவோ நான்காவதாகவோ
இந்தப் பொருளும் இருக்கிறது:
சிரிப்பால், எதிர்பாராத ஒன்றால்,
பகையை இறக்கி வைக்கச் செய்தல்.
நான் அதை நெடுநாள்
விருந்துக் கூடத்துப் பொருள் என்றே நினைத்திருந்தேன்.

மை நழுவிக் கடைசிக் கட்டம் முழுக்க நீலம்.
ஆம் என்று படிக்கலாம். கறை என்றும்.
பாய், வாளி, தட்டு தருவார்களா
என்று அவள் கேட்கவில்லை.

வாசலில் திரும்பி நின்றாள்.
"அந்தக் கயிறு எனக்கு வேண்டும்.
ஆடு கட்டாமல் கிடக்கிறது."