நூற்றி இருபது கட்டி

எனக்குத் தெரிந்த ஐஸ் வேறு.
கொட்பேப் பக்கம் ஒரு கொம்பனியில்
பதினொரு வருசமாய்
ஆளுயரப் பாளங்களைக் கொளுக்கி போட்டு இழுத்து
அரைக்கிற மிசினுக்குள் தள்ளுகிறவன்.
சூரைக்கும் பாரைக்கும் அறுக்குளாவுக்கும்
அலங்காரம் எதற்கு,
கண் வெளுக்காமல் இருந்தால் காணும்.

சுகந்தினிக்கு ஓடர் வந்தது
உவர்மலையிலிருந்து.
அந்தோனிப்பிள்ளை மிஸிஸின் வெள்ளிவிழாக் கலியாண நாள்.
நூற்றி இருபது ஐஸ் கட்டி,
ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு பூ,
தின்னக்கூடிய பூ.
"பூவையும் தின்னுறாங்களோ?" என்றேன்.
"நீங்க ரெண்டாந்தரம் சோறு போடச் சொல்லுறது
முருங்கைப்பூ வறைக்குத்தானே" என்றாள்.

வேலிச் சங்குப்பூ
எறும்பு வர முன்னம், விடியப் பறித்தது.
செவ்வரத்தையைப் பிரித்து
கேசரம் நீக்கி, இதழை மட்டும் நகத்தால் கிள்ளி.
ரோசா நாலு பக்கத்துவீட்டு பஸீனா தந்தது,
மருந்தடிக்காதது என்று மூன்றுதரம் சத்தியம் பண்ணி.
ஒழுங்கை மதிலோரம் மஞ்சளாய்க் குலுங்கிய அலரியை
அவள் நிமிர்ந்தும் பார்க்கவில்லை.
அவளுக்கு ஒரு அண்ணன் இருந்தான்.
அலரியைப் பற்றி எங்கள் வீட்டில் பேசுவதில்லை.

தண்ணீரைப் பற்றி என்னிடம் கேட்டாள்.
என் தொழிலைப் பற்றி
வீட்டில் வந்த முதல் கேள்வி.
இரண்டு தரம் கொதிக்க வை, சொன்னேன்,
காற்றுத்தான் ஐஸை வெளுக்கப்பண்ணுவது.
அரைவாசி ஊற்று. பூவைக் குப்புறக் கிடத்து.
உறைந்த பிறகு மிச்சத்தை ஊற்று,
இல்லாவிட்டால் மிதந்து
மேலே வந்து மூக்கை நீட்டும்.
"கன்னியாவில கொதிச்சபடியே வருகுதே,
அங்கேயே அள்ளுவமோ?" என்றாள்.
மகன் எழும்பிவிடுவான் என்று
வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம்.

விருந்தன்று பகல் கரண்ட் போச்சு.
ஆனி மாதம். கச்சான் அடிக்கிற வெயில்.
பன்னிரண்டு, ஒன்று, ஒன்றரை.
பிறிட்ஜைத் திறக்காதே திறக்காதே என்று
அவளே திறந்து திறந்து பார்த்தாள்.
முதல் தட்டில் ஒரு சங்குப்பூ
நீலத்தை விடத் தொடங்கியிருந்தது.

றெஜிபோம் பெட்டியைச் சோப்புப் போட்டுக் கழுவி,
தேசிக்காய் தேய்த்து, தட்டுகளை அடுக்கி,
மோட்டச்சைக்கிளில் பெட்டி நடுவில், அவள் பின்னால்,
கொட்பேக்கு.
எங்கள் ஜெனறேற்றருக்கு மீன்தான் முதலாளி;
அது நிற்காது.
சுப்பவைசர் பியதாச பெட்டிக்குள் எட்டிப் பார்த்தான்,
ஏதோ சொல்ல வாயெடுத்து
தொப்பியைக் கழற்றினான்,
செத்த வீட்டுக்குள் வந்தவன்போல.

ஆறு மணிக்கு
உவர்மலைக் குசினி வாசலில் எண்ணிக் கொடுத்தோம்.
நூற்றிப் பதினாறு.
நாலு போச்சு, மன்னியுங்கோ.
ஒன்றை மூக்கடியில் பிடித்துப் பார்த்து
மீன் மணக்கவில்லை என்றாள்.
எனக்கு மணந்தது. எனக்கு எல்லாமே மணக்கும்.

யன்னலால் பார்த்தேன்.
தேசிக்காய்த் தண்ணிக்குள் விழுந்த சங்குப்பூ
நீலத்திலிருந்து ஊதாவுக்கு மாற
ஆட்கள் கூவினார்கள், போட்டோ எடுத்தார்கள்.
பிறகு விரலை விட்டுப் பூவை எடுத்து
பிளேட்டு விளிம்பில் வைத்தார்கள்.
ஒருவரும் தின்னவில்லை.
அந்தோனிப்பிள்ளை மட்டும்
மனைவி பார்க்கிறாளோ என்று பார்த்துவிட்டு
வாயில் போட்டு மென்றார்.
முகம் சுளிக்காமல் விழுங்கினார்.
இருபத்தைந்து வருசப் பழக்கம்.

மறுநாள் சந்தையில் நடந்ததை
மீன் விற்கிற யோகன் வந்து சொன்னான்.
பாரை வாங்க நின்ற ஒருவர்
சிவப்போ என்று பூவைத் தூக்கிப் பார்த்தாராம்.
செவுளுக்கு எங்கள் பக்கம் அதுதான் பெயர்.
உள்ளே நீலமாய் ஒன்று ஒட்டியிருந்ததாம்.
"இதென்ன வருத்தம் மீனுக்கு?"
இழுத்தெறிந்துவிட்டு
கிலோவுக்கு ஐம்பது ரூபா குறைத்தானாம்.

நான் வாய் திறக்கவில்லை.
வீட்டுக்குப் போய்
தட்டு கழுவிக்கொண்டிருந்தவளிடம் சொன்னேன்:
காணாமற் போனது
இனி மூன்றுதான்.