நசுங்கிய சத்தம்

பழைய படத்தில்
அந்த யந்திரத்துக்கு முழங்காலில் எண்ணெய் ஒழுகும்.
நடந்தால் கிறீச்சிடும்,
எங்கள் யார்டு ஃபோர்க்லிஃப்ட் மாதிரி.
காசிமேட்டில், வாடகை டெக்கில்,
ஒன்பது தடவை பார்த்தோம்
நானும் மரியநேசனும்.
ரப்பர் உடையின் ஜிப் தெரிந்த இடத்தில்
ஒருத்தனும் சிரித்ததில்லை.

நேற்று புதுசு.
கண்ணாடிக்கு முப்பது ரூபாய் தனி.
யந்திரம் வழவழவென்றிருந்தது,
பிளாஸ்டிக் உறை பிரிக்காத ஃபிரிட்ஜ்.
கட்டடம் விழுந்தது. பாலம் விழுந்தது.
இன்னொரு கட்டடமும் விழுந்தது.
யார் மூக்கிலும் தூசி ஏறவில்லை.
பின்வரிசையில் ஒருவர்
தவணைக்காரனிடம் வாய்தா கேட்டுக்கொண்டிருந்தார்.

அப்புறம் அந்தக் காட்சி.
பழையதில், கப்பல் கதவு நசுக்கிய கையை
அவன் ஒரு நிமிஷம் முழுக்கப் பார்ப்பான்.
வசனம் கிடையாது,
மூச்சு மட்டும்.
புதியவனுக்கு மூன்றே நொடி:
நீல வெளிச்சம், கை முளைத்துவிட்டது.
சொடுக்குப் போட்டு
ஒரு ஜோக்கும் அடித்தான்.

நான் மரியநேசன் பக்கம் திரும்பவில்லை.
விசைப்படகு வின்ச்சில்
அவன் இரண்டு விரல் போய்
பதினோரு வருஷம்.

வெளியே எண்ணூர் ரோட்டில்
கன்டெய்னர் லாரிகள் அசையாமல் நின்றன.
அவன்தான் டீ சொன்னான்.
மூன்று விரலால் கிளாஸின் விளிம்பைப் பிடித்து
ஊதி ஊதிக் குடித்தான்.

"கிராபிக்ஸ் சூப்பர்ல?" என்றேன்,
எதையாவது சொல்லவேண்டுமே என்று.

"கதவு சரியில்லடா" என்றான்.
"நசுங்குன சத்தமே வரல."