ஐந்தாவது பெயர்

திங்கட்கிழமைக்கு என்ன எழுதுவதென்று தெரியாமல்
மார்க்கரின் மூடியைக் கடித்தபடி நிற்கிறேன்.
டைக் வீதியில் டச்சுக் குடாவைப் பார்த்த ஹொஸ்டல்.
மேலே பன்னிரண்டு கட்டில்,
கீழே வெள்ளைப் பலகை,
பலகைக்கு முன்னால் நான்.
பதவி: செயற்பாட்டு இணைப்பாளர்.
வேலை: அறியாதவரை அறியாதவரோடு பேசவைப்பது.

முதலாளி குலவீரசிங்கம் சொல்லுவார்:
"பிள்ளை, தனிய வாறவன் தனியவே திரும்பிப்போனா
அடுத்தமுறை உப்புவெளியிலதான் ரூம் எடுப்பான்."
ஆகவே கட்டம் போடுகிறேன்.
ஏழு கட்டம். கோடுகள் நேராக வருவதில்லை.

திங்கள் மாலை கோட்டைக்கு நடை.
மான்களுக்குத் தீனி போடவேண்டாம் என்று
சிவப்பில் எழுதி வாசலில் ஒட்டினேன் போன வாரம்.
அந்தியில் ஒரு மான் வந்து
அந்தத் தாளையே மென்றுகொண்டு நின்றது.
வந்ததிலேயே அதிகம் படமெடுக்கப்பட்ட நிகழ்ச்சி அதுதான்.

செவ்வாய் கொத்துரொட்டி இரவு.
போலந்துக்காரி காஷா தகடு இரண்டையும் பிடுங்கித்
தெருமுனைவரை கேட்கும்படி அடித்தாள்.
ரொட்டி தூளாய்ப் போயிற்று. சத்தம் நன்றாயிருந்தது.

புதன் கன்னியா. ஏழு கிணறு, ஏழு சூடு.
யோனாஸ் வெப்பமானி கொண்டுவந்திருந்தான்;
இரண்டு கிணற்றுக்கு ஒரே அளவு என்று
திரும்பும் பஸ் முழுக்க வாதாடினான்.
அவனோடு யாரும் பேசவில்லையே என்று இனிக் கவலையில்லை.

வியாழன் கரம்.
ஒருவரும் வரவில்லை.
மா பூசி, காய் அடுக்கி,
இந்தப் பக்கமும் நானே அந்தப் பக்கமும் நானே.
சிவப்பை எடுத்தவளும் நான்,
கட்ட முடியாமல் திரும்பவைத்தவளும் நான்.

வெள்ளி காலை ஆறு மணி: நீச்சல்.
காலியிலிருந்து வந்த உத்பலா
கட்டில் காசுக்குப் பதிலாகப் பழக்குகிறேன் என்றாள்.
என் சிங்களமும் அவள் தமிழும்
நடுவில் கொஞ்சம் இங்கிலீசும் சேர்ந்து ஒப்பந்தமாயிற்று.
பலகையில் பெயர், எதிரே கட்டில் இலக்கம்.
நாலு பெயர் நாலு எழுத்தில் வந்தன.
ஐந்தாவது தமிழில், சாய்ந்த கையெழுத்தில்:
நஸ்ரிக்.
கட்டில் இலக்கத்துக்கு நேரே
'தண்ணிக் கான்'.

செவ்வாயும் வெள்ளியும்
தோளில் கான் ஏற்றி மாடிப்படி ஏறுகிறவன்.
"கிண்ணியாவில பிறந்திட்டு நீந்தத் தெரியாதோ?"
"பாலம் கிடக்கே அக்கா, நீந்துவானேன்
எண்டுதான் இவ்வளவு நாளும் இருந்தன்."
பிறகு மிகச் சின்னக் குரலில்,
"பயணிகளுக்கு மட்டும் எண்டா அழிச்சுவிடுங்கோ."

அழிக்கிற துணியை எடுத்தேன்.
பலகையின் தலைப்பில்
முதலாளியின் எழுத்தில் இருந்தது 'விருந்தினருக்கு மட்டும்'.
'மட்டும்' லேசில் போகவில்லை.
எச்சில் தொட்டுத் தேய்க்கவேண்டியிருந்தது.

இன்று காலை குடா தட்டையாகக் கிடந்தது.
நஸ்ரிக் சாரத்தை மடித்துக் கட்டி
வெறுங்கான் ஒன்றை நெஞ்சோடு அணைத்து இறங்கினான்.
மூடி இறுக்கிய பத்தொன்பது லீட்டர் காற்று
அவனைத் தூக்கிப் பிடித்தது.
இத்தனை நாளும் அவன் தூக்கியதற்கு
இது சரிக்குச் சரியோ என்னவோ.
உத்பலா 'உதை, உதை' என்று கத்தினாள்.
அந்த ஒரு சொல்லைத் தமிழில் கேட்டு வைத்திருந்தாள்.
யோனாஸ் பிளாஸ்டிக்கின் மிதப்பைக் கணக்குப் பார்த்தான்.
காஷா தனக்கும் ஒரு கான் வேண்டுமென்றாள்.
பிறகு எல்லோருக்கும் வேண்டியிருந்தது.

நான் கரையில்.
கையில் ஐந்து துவாய், ஒரு பிளாஸ்க் பிளேன்டீ.
குளித்துக்கொண்டிருந்தவர்களைப் பார்த்தபடி
அலை முழங்கால்வரை வந்ததைக் கவனிக்கவில்லை.

இப்போது அடுத்த வெள்ளியின் கட்டத்தில் எழுதுகிறேன்:
வெறுங்கான், ஆறு.
பேர் ஐந்துதானே என்று குலவீரசிங்கம் கேட்பார்.
எந்தத் தலைப்பில் கணக்குக் காட்டுவது,
அதைத்தான் யோசிக்கிறேன்.