தரை வேர்க்கிறது

கார்த்திகை பாதியில் தரை போட ஆள் வந்தான்.
கலிவரதன், நெல்லிக்குப்பம்.
ஆய்வகத்தின் பழைய டைல்ஸைப் பெயர்த்தபோது
இடுக்குகளில் பதினோரு வருஷம் இருந்தது:
அயோடின் பழுப்பு, பெர்மாங்கனேட் ஊதா,
வெள்ளி நைட்ரேட் சொட்டிக் கறுத்த இடம்,
போன ஆவணியில் நான் வழுக்கி விழ
அமிலக் குடுவை உடைந்து
சிமெண்ட் நுரைத்துப் பள்ளமான மூலை.
அதன் மறுபாதி என் முழங்கையில்.

இரண்டடிக்கு இரண்டடி பிளாஸ்டிக் தாள்.
நாலு ஓரமும் டேப் ஒட்டி
ராத்திரி அப்படியே விட்டுப் போனான்.
காலையில் தாளுக்கு அடியில்
சோற்றுப் பானை மூடி போல நீர்.

'தரை வேர்க்குது மேடம்.
இப்ப எபாக்ஸி ஊத்தினா அப்பளமாட்டம் கிளம்பிரும்.'

மேலாளர் சொன்னார்: டிசம்பர் இருபது தணிக்கை.
பளபளன்னு இருக்கணும், முகம் தெரியணும்.
முகம் பார்க்கக் கழிவறையில் கண்ணாடி இருக்கிறது
என்று நான் சொல்லவில்லை.
சொன்னது: குவார்ட்ஸ் மணல் தூவணும்,
ஈரத்திலும் கால் நிற்கணும்,
சுவரடியில் மூலையே இல்லாமல் வளைத்து ஏற்றணும்.

அமலோற்பவம் மாப்புக் கம்பை ஊன்றி நின்றாள்.
'சொரசொரன்னு போட்டா மாப்பு நார் நாராப் போவும்.
மாசம் ரெண்டு குடுப்பீங்களா?'
மதிப்பீட்டில் அந்த வரி இல்லை.
பேனாவால் சேர்த்தேன்.

இருபதுக்குள் பத்தொன்பது தாள் ஒட்டியிருந்தோம்.
குடிகாட்டில் மழை விட்டும் விடாமலும்.
வேலிக்கு அப்பால் ஓடுகிற உப்பனாறு
கட்டடத்துக்கு அடியில் வந்து படுத்து
மூச்சு விடுகிறது என்று தோன்றியது.
இத்தனை நாள்
எதன் மேல் நின்றுகொண்டு
பியூரெட்டில் துளி எண்ணினேன்?

தணிக்கையாளர் வெறும் சிமெண்டைப் பார்த்தார்.
தாளைப் பார்த்தார். குனிந்து விரலால் சுண்டினார்.
'உள்ள என்னது?'
'ஆறு' என்றேன்.
6 என்று படிவத்தில் எழுதிக்கொண்டார்.
எந்தக் கட்டத்தில், என்ன அலகில், தெரியாது.

தை பிறந்து எட்டாம் நாள் தாள் வறண்டிருந்தது.
ஊற்றினான், தூவினான், மறுபடி ஊற்றினான்,
ஒரு வாரம் கதவைப் பூட்டிச்
சாவியைத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.
மேலாளரிடம்கூடத் தரவில்லை.

திறந்த அன்று
அமலோற்பவம் ஒரு வாளி சோப்புத் தண்ணீரைக் கவிழ்த்து
செருப்போடு நடந்தாள்
ஜன்னல் வரை,
திரும்பி, கொஞ்சம் வேகமாக, என் மேஜை வரை.

'புடிக்குது' என்றாள்.
பிறகு
'ரெண்டு மாப்பு.'